பள்ளியில் ஆய்வகம் இல்லை, ஆராய்ச்சி செய்ய ஆசை: என்ன செய்யலாம்?

கேள்வி: பாம்பன் பக்கத்தில் அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறார். நோய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வேண்டும், ஊருக்கும் உதவ வேண்டும் என்று ஆசை. எங்கள் பள்ளியில் இருப்பது ஒரே ஒரு மைக்ரோஸ்கோப். பணம் கட்டினால் 'ரிசர்ச் இன்டர்ன்ஷிப்' சான்றிதழ் தரும் ஆன்லைன் வகுப்பில் சேரலாமா? இதற்கெல்லாம் நீட் ஒன்றுதான் வழியா?

பதில்: அந்தச் சான்றிதழ் வேண்டாம். வீடியோ பார்த்து வாங்கும் காகிதத்தை நீட்டோ, ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத் தேர்வோ கண்டுகொள்வதில்லை. அந்தப் பணத்தில் அம்மாவுக்குக் கடலில் முங்கும்போது போட நல்ல நீர்க்கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுங்கள், உபயோகமாக இருக்கும்.

ஆராய்ச்சிக்கு முதலில் வேண்டியது ஒரு கேள்வி. அதற்கு உங்கள் தெருவிலேயே பஞ்சமில்லை. நல்ல தண்ணீர் எப்போது வருமென்று தெரியாத ஊர்களில் டிரம், குடம், சிமென்ட் தொட்டி என்று பிடித்து வைத்துத்தான் ஆக வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதுதான் தாய்வீடு. உங்கள் தெருவில் எத்தனை பாத்திரத்தில் புழு இருக்கிறது? மூடி போட்ட டிரம்முக்கும் திறந்த டிரம்முக்கும் வித்தியாசம் உண்டா? இந்த இரண்டு கேள்வி போதும்.

உயிரியல் ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகாதார ஆய்வாளரைப் பாருங்கள். கொசுப்புழு பார்க்க வீடு வீடாகப் போகிறவர்களுடன் ஓரிரு நாள் சேர்ந்து போனால் கை பழகிவிடும். டார்ச், வெள்ளைக் கிண்ணம், நோட்டு, பேனா. அவ்வளவுதான் கருவி. வெளிச்சம் பட்டதும் புழு நெளிந்து அடியில் போய்விடும். அசையாமல் நில்லுங்கள், மூச்சு வாங்க மேலே வந்துதான் ஆக வேண்டும். நீர்மட்டத்தோடு படுத்தவாக்கில் மிதந்தால் அனாபிலஸ், அதாவது மலேரியா கொசு. தலைகீழாகத் தொங்கினால் ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ். வால்பக்கம் இருக்கும் மூச்சுக்குழல் குட்டையாகவும் தடியாகவும் இருந்தால் ஏடிஸ், நீண்டு மெலிந்திருந்தால் கியூலெக்ஸ். உங்கள் பள்ளி மைக்ரோஸ்கோப்புக்கு இங்கேதான் வேலை.

கணக்கு சுலபம். தண்ணீர் உள்ள 40 பாத்திரம் பார்த்து 6-ல் புழு இருந்தால் 15 சதவீதம். சுகாதாரத் துறையும் இதே கணக்கைத்தான் போடுகிறது. ஏடிஸ் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உள்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அதனால் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு மறுபடி நிரப்புவதில் பிரயோசனம் இல்லை, வாரம் ஒருமுறை நார் போட்டுத் தேய்க்க வேண்டும். இதை வீட்டுக்காரரிடம் சொல்லி, கணக்கைச் சுகாதார ஆய்வாளரிடம் கொடுத்தீர்கள் என்றால் நீங்கள் கேட்ட சேவையும் அதிலேயே அடங்கிவிடும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஆர்வத்தில் யார் விரலிலும் ஊசி குத்திச் சர்க்கரை பார்க்கவோ, யாருக்குக் காய்ச்சல் என்று பெயர் போட்டு எழுதவோ கூடாது. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகள் இருக்கின்றன. நெறிமுறைக் குழுவின் அனுமதி, சம்பந்தப்பட்டவரின் சம்மதம் எல்லாம் வேண்டும். டிரம்மை எட்டிப் பார்க்கவும் வீட்டாரிடம் கேட்டுவிட்டே போங்கள். நோட்டில் பெயர் வேண்டாம், எண் போதும்.

சின்ன ஊரில் என்ன கண்டுபிடித்துவிட முடியும் என்று தோன்றலாம். அனாபிலஸ் குலிசிஃபேசிஸ் என்பது பார்வைக்கு ஒரேபோல இருக்கும் பல மலேரியா கொசு இனங்களின் தொகுப்பு. அதில் 'ஈ' (E) என்ற புதிய இனத்தை 1999-ல் ஆய்வாளர்கள் அறிவித்தது ராமேசுவரம் தீவுக் கொசுக்களை வைத்துத்தான். அந்தத் தொகுப்பில் பொதுவாக மலேரியாவைப் பெரிதாகப் பரப்பாதது 'பி' (B) இனம். அதைப் போலவே தெரிந்த கொசு இங்கே மட்டும் ஏன் பரப்புகிறது என்ற சந்தேகத்தில் தொடங்கியது அது. அப்புறம், அம்மா எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து வருவதுதான் ஜெல்லி போல உறையும் அகர். 1880-களில் பாக்டீரியா ஆய்வின் முன்னோடி ராபர்ட் காக்கின் ஆய்வகத்துக்கு, அங்கே வேலை பார்த்தவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே யோசனை சொன்ன நாளிலிருந்து, உலகெங்கும் பாக்டீரியா வளர்ப்பது அகர் தட்டில்தான்.

படிப்புக்கு வருவோம். மருத்துவராக வேண்டுமென்றால் நீட் எழுதத்தான் வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவர் என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2022 முதல் ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆய்வுதான் ஆசை என்றால் ஐ.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐசருக்குப் போகலாம், திருவனந்தபுரமும் திருப்பதியும் பக்கம். சாதாரண பி.எஸ்சி. விலங்கியல், நுண்ணுயிரியல் படித்துவிட்டும் பொது சுகாதார முதுகலைக்குப் போகலாம். டாக்டர் ஆகாவிட்டால் எல்லாம் போச்சு என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடிக்கும். மழைக்கு முந்தைய கணக்கு கையில் இல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. அதனால் செப்டம்பர் முதல் வாரமே ஆரம்பித்து, டிசம்பர் வரை வாரம் ஒருமுறை, அதே வீடுகளில், அதே கிழமையில் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்புக்குத் தள்ளிப் போட்டால் நேரம் கிடைக்காது.