மதுரைக்கு மெட்ரோ வராவிட்டால் சிவில் படிப்பு வீணா?

திருமங்கலத்திலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு,

ஊருக்கே மெட்ரோ வரப்போகிறது என்ற நம்பிக்கையில் மகளின் சிவில் இன்ஜினீயரிங் ஆசைக்குத் தலையாட்டினீர்கள். திட்டம் திரும்பி வந்ததாகச் செய்தி படித்ததும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறச் சொல்கிறீர்கள். இரண்டுமே அவசரம்.

திருமங்கலம் – ஒத்தக்கடை பாதை சுமார் 32 கிலோமீட்டர். 2017 மெட்ரோ கொள்கையின் 20 லட்சம் மக்கள்தொகை என்ற அளவுகோலைக் காட்டி, 2025 நவம்பரில் மத்திய அரசு அதைத் திருப்பி அனுப்பியது. மறுபடியும் போகும், வரும். அதை வைத்து நான்கு வருடப் படிப்பை முடிவு செய்ய வேண்டாம்.

பாப்பாவிடம் கேட்க வேண்டியது வேறு. ஊர் ஊராகப் போய் வேலை பார்க்க அவளுக்குச் சம்மதமா? மெட்ரோவில் கட்டுகிற வேலை முடிந்ததும் ஆட்கள் அடுத்த நகரத்துக்கு மூட்டை கட்டுவார்கள். சென்னை இரண்டாம் கட்டமே 118.9 கிலோமீட்டர், ஆனால் இவள் பட்டம் வாங்கும்போது அங்கே தூண் வேலையில் பெரும்பகுதி முடிந்திருக்கும். ரயில் ஓடும் காலமெல்லாம் அதே ஊரில் இருப்பது சிக்னல், மின்சாரம், பெட்டிப் பராமரிப்பு வேலைகள். தண்டவாளத்துக்குச் சிவில் ஆட்கள் வேண்டும்தான், எண்ணிக்கை குறைவு. ஒரே ஊரில் இருக்க ஆசைப்பட்டால் எலக்ட்ரிகல் அல்லது எலக்ட்ரானிக்ஸ் எடுக்கட்டும்.

சிவில்தான் என்றால் தொடக்கம் எப்படி இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரிய வேண்டும். சாலையோரம் மூன்று கால் நட்டு மண் பரிசோதனை நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் மண்ணுக்குள் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். முதல் 15 சென்டிமீட்டர் கணக்கில் சேராது. அடுத்த 30 சென்டிமீட்டருக்கு எத்தனை முறை அடி விழுகிறது என்பதுதான் கணக்கு. அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை முடிவு செய்ய அந்த எண் வேண்டும். சித்திரை வெயிலில் பக்கத்தில் நின்று அதை நோட்டில் எழுதுவது, பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த இன்ஜினீயர். பெண் பிள்ளையாயிற்றே என்று நீங்கள் தயங்கலாம். தயக்கம் அவளுக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து செய்யும் வடிவமைப்பு வேலையும் இருக்கிறது, அதற்கு எம்.இ. கைகொடுக்கும்.

'மெட்ரோ இன்ஜினீயரிங்' என்று இளநிலையிலேயே தனிப்பெயர் போட்டு யாராவது சீட்டு விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். வேலை அறிவிப்பில் கேட்பது சிவில், எலக்ட்ரிகல், மெக்கானிக்கல் மாதிரியான அடிப்படைப் பிரிவுகளைத்தான். மெட்ரோ பாடத்தைப் பிறகு படிக்கலாம். சென்னை மெட்ரோவும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து அதற்கென ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்தியிருக்கின்றன.

கலந்தாய்வில் திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் சிவில் கிடைக்கும் அளவுக்கு கட்-ஆஃப் இருந்தால், அதை விட்டுவிட்டுப் பெயர் தெரியாத கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்லாதீர்கள். விருப்பப் பட்டியலின் வரிசையை அவளே போடட்டும். பட்டியலை இறுதியாகப் பூட்டுவதற்கு முன் ஒருமுறை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.