பலகைக்கு முன் அடிச்சட்டம்: மரத்தளக் கேள்விகள்

வீட்டுக்கு வெளியே போட்ட மரத்தளத்தில் மேல்பலகையை மாற்றுவது பற்றிக் கேட்டவர்களுக்கு, அம்பாசமுத்திரத்தில் 30 ஆண்டுகளாக மரவேலை பார்த்துவரும் நான் எழுதும் பதில்கள்.

கேள்வி: அண்ணாச்சி, குற்றாலம் பக்கம் தங்கும் விடுதி நடத்துகிறேன். பின்பக்க மரத்தளம் 7 ஆண்டிலேயே அங்கங்கே அமுங்குகிறது. எந்தப் பலகை போடலாம்?

பதில்: பலகையின் பெயர் பிறகு, தம்பி. அமுங்குகிற இடத்தில் ஒரு பலகையைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். மேல்பக்கம் வெயிலில் வெளுத்து உறுதியாகவே இருக்கும். பலகையைத் தாங்கும் அடிச்சட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு பட்டை ஓடும். தண்ணீர் நின்றது அங்கேதான். பிறகு சட்டத்தில் திருகாணி இறங்கிய துளைக்குப் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்துங்கள். நல்ல மரம் முனையைத் திருப்பித் தள்ளும். மக்கிய மரம் டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி உள்வாங்கிக்கொள்ளும். அரை அங்குலம் இறங்கினால் அந்தச் சட்டத்தின் மேல் எந்தப் பலகையைப் போட்டாலும் பணம் தண்டம்.

உங்கள் ஊரில் ஆனியில் தொடங்கும் சாரல் ஓய்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடுகிறது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே சட்டத்தின் தலையில் தார்ப்பட்டை ஒட்டுங்கள். பலகைகளுக்கு நடுவே 5 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். தளத்துக்கு அடியில் காற்று போக வழி இருக்கட்டும். சுற்றிலும் பலகை அடித்து அழகாக மூடியிருப்பீர்கள், அதைப் பிரித்துவிடுங்கள்.

இனி பலகை. வைரம் பாய்ந்த தேக்கு, இல்லையென்றால் கோங்கு. கோங்கு, மரம் சீவும் இழைப்புளியின் கூரைத் தின்றுவிடும், முன்துளை போடாமல் திருகாணி இறங்காது. ஆனாலும் மழைக்கு நிற்கும். தேக்கு என்று சொல்லி இளமரத்தை அறுத்துத் தருவார்கள். ஓரத்தில் வெளிறிய பகுதி இருந்தால் அந்தப் பலகையை ஒதுக்கிவிடுங்கள். கரையானுக்குத் தேக்கின் பெயர் தெரியாது, அந்த வெள்ளை மட்டும்தான் தெரியும்.

கேள்வி: பாளையங்கோட்டையில் தட்டட்டியில், அதாவது மொட்டைமாடியில், தளம் போட்டிருக்கிறோம், அண்ணாச்சி. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகைக்குப் பராமரிப்பே வேண்டாம் என்கிறார்களே?

பதில்: கரையான் அரிக்காது, எண்ணெய் பூச வேண்டாம், அது உண்மைதான் அம்மா. சித்திரை வெயிலில் மத்தியானம் அதில் வெறுங்காலோடு நடந்து பார்த்தீர்களா? அடர்ந்த நிறம் என்றால் இன்னும் மோசம். வெளிர் நிறமாக வாங்குங்கள். நடுவில் பொந்து உள்ளதை விட்டு, கட்டிப் பலகையாகக் கேளுங்கள். இது மரத்தைவிடச் சீக்கிரம் வளையும் என்பதால் சட்டங்களை ஓர் அடிக்கு ஒன்றாக நெருக்கிப் போட வேண்டும். 8 அடிப் பலகை 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். முனையோடு முனை முட்டவைத்தால் மே மாதம் முதுகு தூக்கி நிற்கும். இன்னொன்று: சட்டத்தைத் தட்டட்டித் தரையில் துளைபோட்டு முடுக்க விடாதீர்கள். பிறகு மழைத்தண்ணீர் கீழே பட்டாசலில், வீட்டுக் கூடத்தில், சொட்டும்.

கேள்வி: உவரிப் பக்கம் வீடு. பலகை நன்றாக இருக்கிறது, திருகாணிகள் துருவில் உதிர்கின்றன.

பதில்: உப்புக்காற்று. 316 தர எவர்சில்வர் திருகாணி போடுங்கள். அதற்குக் கீழான 304 தரம்கூட அங்கே கறை பிடிக்கும். பலகையை மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி: பழைய மரச்சட்டத்தின் மேலேயே கருங்கல் பலகை பாவலாமா, ஐயா?

பதில்: கூடாது. ஓர் அங்குலக் கருங்கல் சதுர அடிக்கு 6 கிலோவுக்கு மேல் இருக்கும். அதே கனத்தில் தேக்குப் பலகை ஒன்றரை கிலோதான். தளம் தரையிலிருந்து ஓர் அடிகூட உயரம் இல்லை என்றால் மரத்தையே எடுத்துவிட்டு, மண்ணை இடித்து இறுக்கி, கல் பாவுங்கள். அவ்வளவு தாழ்வில் மரத்துக்குக் காற்றே கிடைக்காது. பாலிஷ் கல் மட்டும் வேண்டாம். முதல் தூறலிலேயே யாராவது வழுக்கி விழுவார்கள்.

கேள்வி: திசையன்விளையில் எங்கள் விளையில் முற்றிய பனைகள் நிற்கின்றன. பலகையாக அறுக்கலாமா?

பதில்: பனை மேல் எனக்கும் ஆசைதான். எத்தனையோ பழைய வீடுகளின் கூரையைப் பனங்கைதான் தாங்குகிறது. ஆனால் அது கூரைக்குள் நனையாமல் இருக்கிறது. வெளியே போட்டால் உள்ளிருக்கும் சோற்றுப் பகுதி தண்ணீரைக் குடிக்கும், மேலே கறுப்பு நார் கிளம்பிக் காலில் சிராம்பு ஏற்றும். நிழலில் உட்காரப் பெஞ்சு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: புதுப் பலகைக்குக் கொல்லாங்கொட்டை (முந்திரிக்கொட்டை) எண்ணெய் பூசச் சொல்கிறார் எங்கள் தாத்தா.

பதில்: வள்ளத்துக்கும் உத்திரத்துக்கும் பூசியதுதான், கரையான் அண்டாது. தோலில் பட்டால் கொப்புளம் வரும், மரமும் கறுத்துவிடும். அடிச்சட்டத்துக்குப் பூசுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. கால் படும் பலகைக்கு ஆளிவிதை எண்ணெய், ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன் புரட்டாசியில். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். வாளித் தண்ணீரில் முக்கி வையுங்கள்.