வாசகர் கேள்வி – பதில்: உடுக்குறி போட்ட சொற்கள்

கேள்வி: ஐரிஷ், வெல்ஷ் போன்ற மொழிகளின் மூலமொழியான தொல்கெல்டிக்கில் எழுதிய ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. பிறகு எப்படி அகராதிகளில் உடுக்குறி (*) போட்டு அதன் சொற்களைத் தருகிறார்கள்?

பதில்: ஒரே பொருளுள்ள சொற்களைக் கிளைவாரியாக அடுக்க வேண்டும். நான்கு: பழைய ஐரிஷில் ‘கெதிர்’, வெல்ஷில் ‘பெட்வர்’. மகன்: ‘மக்’, ‘மாப்’. இங்கே ஐரிஷ் ககரத்துக்கு நேராக வெல்ஷில் பகரம். ஆனால் நூறு ‘கேட்’, ‘கன்ட்’; இரண்டிலும் ககரம்தான். ஆகவே மூலமொழியில் இரண்டு வேறு ஒலிகள் இருந்திருக்க வேண்டும். ஒன்று சாதாரண ககரம். மற்றது?

பிரான்சில் லா கிராஃபெசென்க் மட்பாண்டப் பட்டறைகளின் கணக்குக் கீறல்களில், அங்கே முன்பு பேசப்பட்ட கெல்டிக் மொழியான காலிஷிலும் நான்காவது என்பது பகரத்தில்தான் தொடங்குகிறது. அதற்காக ‘ப’ என்று முடிவு கட்டக் கூடாது. பெரும்பான்மை வாக்கு இங்கே செல்லாது. இதழ் குவித்த ‘க்வ’ பகரமாவது பல மொழிகளில் நடப்பது. எதிர்த்திசை மாற்றம் அரிது. உறவுமொழியான இலத்தீனில் நான்கு ‘க்வாட்டுவோர்’. அயர்லாந்தின் பழைய எழுத்தான ஒகத்தில் பொறித்த கல்வெட்டுகளில் ‘மகனுடைய’ என்பது ‘மக்வி’. அந்த ஒலிக்குத் தனி எழுத்தே உண்டு. எனவே நான்கு ‘க்வெட்வரெஸ்’.

உதிர்ந்த ஈற்றசையையும் மீட்கலாம். பழைய ஐரிஷில் ஆள் ‘ஃபெர்’, ஆளுடைய ‘ஃபிர்’. பின்னால் ஒகரம் இருந்ததால் முன்னது இகரத்திலிருந்து எகரமாகத் தாழ்ந்தது. ஈகாரம் இருந்த மற்றது தாழவில்லை. ஐரிஷ் ஃபகரம் பழைய வகரத்திலிருந்து வந்தது என்பதையும் சேர்த்தால் ‘விரோஸ்’, ‘விரீ’ கிடைக்கும்.

கேள்வி: இதில் எங்கே பிசகும்?

பதில்: பெரும்பாலும் கடன்சொற்களில். ஈஸ்டருக்கு ஐரிஷில் ‘காஸ்க்’, வெல்ஷில் ‘பாஸ்க்’. மேலே சொன்ன ஒலி உறவு அச்சாகப் பொருந்துகிறது, ஆனாலும் கிறிஸ்தவத்தோடு வந்த சொல் தொல்கெல்டிக்காக இருக்க முடியாது. அக்கால ஐரிஷில் பகரம் இல்லாததால் இலத்தீன் பகரத்துக்குப் பதில் ‘க்வ’ போட்டுக்கொண்டார்கள். அதுவே பின்னர் ககரமானது. இலத்தீன் ‘புர்புரா’ (ஊதா) ‘கொர்குர்’ ஆனதும் அப்படியே. ஒலி பொருந்தினால் போதாது; பொருளையும் காலத்தையும் பாருங்கள்.

இன்னொன்று மீன். கெல்டிக்குக்கும் இலத்தீனுக்கும் மூலமான இந்தோ-ஐரோப்பிய மொழியில் சொல்லின் முதலில் நின்ற பகரம் கெல்டிக்கில் உதிர்ந்துவிடும். இலத்தீனில் ‘பிஸ்கிஸ்’, பழைய ஐரிஷில் ‘ஈயஸ்க்’: சரி. வெல்ஷ் ‘பஸ்கோட்’டில் மட்டும் பகரம் நிற்கிறதே என்றால், அது இலத்தீனிலிருந்து வாங்கியது. அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, ஐரிஷ் சாட்சியை மட்டும் வைத்து மூலச்சொல்லை எழுதுங்கள்.