ஆடி அமாவாசை புதனா, வியாழனா?

சாவகச்சேரிப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அப்பா காலமாகி, ஒரு வருட ஆட்டைத் திவசமும் முடிந்துவிட்டது. இதுதான் அவருக்கு முதல் ஆடி அமாவாசை விரதம். கடையில் இலவசமாகக் கொடுத்த நாட்கலண்டரில் புதன் என்று போட்டிருக்கிறது, ஊர்க் கோயிலில் வியாழன் என்று அறிவித்திருக்கிறார்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்தால் அமாவாசை புதன் பின்னேரம் 5.10க்குத் தொடங்கி வியாழன் பிற்பகல் 3 மணிக்கு முடிகிறது. ரொறன்ரோவில் இருக்கும் தம்பி தனக்குப் புதன்தான் என்று நிற்கிறார். இதற்குள் யாரோ சொல்லி ஒருவர் வட்ஸ்அப்பில் வந்து, நாள் பிசகினால் பிதிர் தோஷம் பிடிக்கும், 65,000 ரூபா அனுப்பினால் அது நீங்கச் சாந்திப் பூசை செய்து தருகிறேன் என்கிறாராம். வாசகிக்குச் சீனி வருத்தமும் உண்டு. சாப்பிடாமல் இருக்கலாமா என்றும் கேட்கிறார்.

முதலில் பதில். உங்களுக்கு வியாழன், தம்பிக்குப் புதன். இரண்டும் சரி. அந்த ஆளுக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். திதி கிழமை போல இரவு பன்னிரண்டு மணிக்கு மாறுவதில்லை. சூரியனிலிருந்து சந்திரன் ஒவ்வொரு 12 பாகை விலக விலக ஒரு திதி முடிந்து அடுத்தது தொடங்கும். அது பகலிலும் நடக்கும், இரவிலும் நடக்கும். சந்திரன் எப்போதும் ஒரே வேகத்தில் போவதில்லை. அதனால் சில திதி ஏறக்குறைய 20 மணித்தியாலத்தில் முடிந்துவிடும், சில 26ஐயும் தாண்டும். ஆகவே ஒரு திதி இரண்டு கிழமைகளில் விழுவதுதான் வழக்கம். அதில் எந்தக் கிழமையை எடுப்பது என்பதை அந்தந்த விரதத்துக்குரிய வேளை தீர்மானிக்கும். ஏகாதசிக்குச் சூரிய உதயத்தைப் பார்ப்பார்கள். பிரதோஷத்துக்குச் சூரியன் மறையும் நேரம், சங்கடகர சதுர்த்திக்குச் சந்திரன் எழும் நேரம், சிவராத்திரிக்கு நள்ளிரவு.

இறந்த முன்னோருக்குச் செய்யும் பிதிர் காரியத்துக்குரியது அபரான்னம் என்ற வேளை. பகல் பொழுதை ஐந்தாகப் பிரித்தால் நான்காவது பங்கு. ஆடி மாதத்தில் யாழ்ப்பாணத்தில் அது ஏறக்குறைய பிற்பகல் ஒன்றரையிலிருந்து நாலு மணி வரை. புதன்கிழமை அந்த நேரத்தில் அமாவாசை தொடங்கவே இல்லை. வியாழன் அன்று 3 மணி வரை இருக்கிறது, காலையில் சூரியன் எழும்போதும் இருக்கிறது. எனவே கோயிலில் சொன்னதுதான் சரி. கலண்டர் அச்சடித்தவர்கள் அமாவாசை தொடங்கும் நாளைப் பார்த்துப் போட்டிருப்பார்கள். இந்த நாட்கலண்டர்களை நம்பி விரதம் பிடிக்காதீர்கள் என்று எத்தனை தரம் எழுதினாலும் அடுத்த வருடமும் அதே கேள்வி வருகிறது. கலண்டரின் மூலையில் ஒரு சின்ன வட்டம் போடுகிறார்களே தவிர, திதி எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று ஒரு வரி போடுவதில்லை.

தம்பியின் விஷயம். அமாவாசை உலகம் முழுக்க ஒரே கணத்தில்தான் தொடங்குகிறது, ஆனால் அந்தக் கணத்தில் அங்கே வேறு நேரம். கோடைகாலத்தில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். எங்களுக்குப் புதன் பின்னேரம் 5.10 என்றால் அவருக்குப் புதன் காலை 7.40. எங்களுக்கு வியாழன் பிற்பகல் 3 மணி என்றால் அவருக்கு வியாழன் விடியப்புறம் 5.30. ஆக அவருக்குப் புதன் காலை 7.40க்குப் பிறகு பகல் முழுவதும் அமாவாசை, அபரான்னமும் அதற்குள் வந்துவிடும். வியாழன் அங்கே சூரியன் எழும்பும்போது அடுத்த திதியான பிரதமை பிறந்துவிடும். அவர் ஊரோடு ஒத்துப்போக வேண்டும் என்று வியாழன் பிடித்தால் அமாவாசை இல்லாத பகலில்தான் விரதம் இருப்பார். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் ஊர்த் தேதியை அப்படியே எடுக்கக் கூடாது. தாங்கள் இருக்கிற நகரத்தைக் கொடுத்துக் கணித்த பஞ்சாங்கத்தைத்தான் பார்க்க வேண்டும். கைத்தொலைபேசியில் பார்ப்பவர்கள், அந்தச் செயலியில் எந்த ஊர் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பலருடையதில் இந்தியாவின் ஏதோ ஒரு நகரம் பேசாமல் இருக்கும்.

வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்ற சண்டைக்குள் உங்களை இழுக்க வருபவர்களும் இருப்பார்கள். வாக்கியம் பழைய வாய்பாட்டுக் கணக்கு, திருக்கணிதம் கிரகங்கள் வானில் உண்மையில் நிற்கும் இடத்தோடு பொருந்தத் திருத்திய கணக்கு. இரண்டுக்கும் இடையில் பெரிய நேர வித்தியாசம் வருவது அட்டமியை ஒட்டிய நாட்களில்தான். அமாவாசையிலும் பூரணையிலும் பொதுவாக நெருங்கியே வரும். அதனால் ஆடி அமாவாசை நாள் மாறிவிட்டது என்று கேட்டவுடன் பஞ்சாங்கத்தைக் குறை சொல்ல வேண்டாம். அதை வாசித்தவர் எந்த வேளையைப் பார்த்தார் என்று கேளுங்கள். உண்மையாகவே முரண்பட்டால் உங்கள் வீட்டில், உங்கள் கோயிலில் எது வழக்கமோ அதைப் பிடியுங்கள். இந்த வருடம் ஒன்று, அடுத்த வருடம் மற்றது என்று மட்டும் மாற்றாதீர்கள். இத்தனை காலமாக இரண்டு பஞ்சாங்கங்களும் இந்தச் சிறிய நிலத்தில் இருக்கின்றன. பிதிர் விரத நாட்களையாவது ஒன்றாக இருந்து பேசி அறிவிக்க முடியவில்லை என்பது எனக்குப் பெரிய ஆற்றாமை. குழப்பத்துக்கு விலை கொடுப்பது இப்போதுதான் அப்பாவை இழந்த வீடுகள். பூரணைக்கு நாடு முழுக்க விடுமுறை உண்டு. ஆடி அமாவாசைக்கு அரச பொது விடுமுறை இல்லை, வேலைக்குப் போகிறவர் முன்கூட்டியே லீவு போட வேண்டும். நாளைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் அவர் எந்த நாளுக்குப் போடுவார்?

ஆடியில் இரண்டு அமாவாசை வரும் வருடத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்போதுதான் மிகப் பெரிய குழப்பம் நடக்கிறது. பன்னிரண்டு அமாவாசைச் சுற்று ஏறக்குறைய 354 நாளில் முடிந்துவிடும். சூரிய வருடம் அதைவிடப் 11 நாள் நீளம். அந்த மிச்சம் சேர்ந்து சேர்ந்து இரண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஏதோ ஒரு தமிழ் மாதத்துக்குள் இரண்டு அமாவாசைகளைக் கொண்டுவரும். அது ஆடியாக அமைவது அபூர்வம். 2023இல் அமைந்தது. ஜூலை 17, ஆடி முதலாம் நாளே ஓர் அமாவாசை. ஆகஸ்ட் 16, மாதம் முடியப் போகும்போது இன்னொன்று. ஒரு மாதத்தில் ஒரே திதி இரண்டு தரம் வந்தால் பிதிர் காரியத்துக்குப் பின்னதை எடுப்பதுதான் விதி. சந்தேகம் இருந்தவர்கள் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவைப் பார்த்திருக்கலாம். நல்லூர்க் கொடி ஆடி அமாவாசையோடு சேர்த்து எண்ண ஆறாம் நாள் ஏறும். 2024இல் அமாவாசை ஆகஸ்ட் 4, கொடி 9. 2025இல் அமாவாசை ஜூலை 24, கொடி 29. 2023இல் கொடி ஏறியது ஆகஸ்ட் 21. பின்னோக்கி எண்ணினால் ஆகஸ்ட் 16 வரும், ஜூலை 17 வராது. அப்படியான வருடத்தில் முதலாவது அமாவாசையில் தெரியாமல் விரதம் பிடித்தவருக்கு ஏதாவது குற்றமா? இல்லை. எல்லா அமாவாசையும் பிதிருக்கு உரிய நாள்தான். பிடித்தது வீண் போகாது, இரண்டாவதையும் பிடித்தால் போதும். மாதப் பிறப்பு நேரத்தில் பஞ்சாங்கங்கள் வேறுபட்டு, ஒன்றில் ஆடிக்கு இரண்டு அமாவாசையும் மற்றதில் ஒன்று மட்டும் வந்தாலும் இதே பதில்தான்: ஆடியின் கடைசிப் பக்கம் வருவதைப் பிடியுங்கள்.

இனி அந்த 65,000 ரூபா. சூரியன் தந்தைக்கு உரியவர், சந்திரன் தாய்க்கு உரியவர் என்பது சைவ வழக்கு. தட்சிணாயனம் தொடங்கும் ஆடியில் சூரியன் சந்திரனுடைய வீடான கடகத்தில் நிற்க, இருவரும் சேரும் நாள் ஆடி அமாவாசை. அதனால் எங்கள் ஊரில் தகப்பனை இழந்தவர்கள் இதையும், தாயை இழந்தவர்கள் சித்திரைப் பூரணையான சித்திரைப் பறுவத்தையும் பிடிக்கிறார்கள். நன்றிக்காகவும் நினைவுக்காகவும் ஏற்பட்ட நாள் இது. பெற்ற தகப்பன் ஒரு நாள் கணக்குப் பிசகியதற்காகப் பிள்ளையைப் பிடித்து ஆட்டுவார் என்று சொல்பவர் உங்கள் அப்பாவை அறியாதவர். பயத்தை முதலில் விதைப்பார்கள், பிறகு சாந்தி, பிறகு அந்தச் சாந்தி போதவில்லை என்று இன்னொன்று. வெளிநாட்டில் சகோதரம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் தொகை சொல்வார்கள். யாழ்ப்பாணத்துக் கீரிமலைத் தீர்த்தத்தில் உங்கள் பெயரில் தர்ப்பணம் செய்து வீடியோ அனுப்புகிறோம் என்பதும் இப்போது ஒரு தொழிலாகிவிட்டது. இடையில் நிற்பவர் வாங்குவதில் எள்ளும் தண்ணீரும் இறைத்துத் தரும் ஐயருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. கீரிமலைக்குப் போக முடிந்தால் நீங்களே போய்க் கேணியில் தீர்த்தமாடி, அங்கே இருக்கும் குருக்களிடம் நேரே பேசுங்கள். முடியாவிட்டால் உங்கள் ஊர்க் கோயிலில் மோட்ச அருச்சனை செய்து, அரிசியும் மரக்கறியும் தானம் கொடுங்கள். அது குறைந்ததல்ல. தம்பி தன் பங்கை அங்கே உள்ள கோயிலில் செய்யட்டும்.

சீனி வருத்தத்துக்கு வருகிறேன், இதில் பிடிவாதம் வேண்டாம். விரதத்துக்கு இலக்கணம் சொன்ன ஆறுமுக நாவலரே உணவை விட்டும் இருக்கலாம், சுருக்கியும் இருக்கலாம் என்றுதான் வைத்திருக்கிறார். சுருக்குவது உங்களுக்குப் போதும். குளிசை எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். இன்சுலின் போடுபவருக்கு அது இன்னும் ஆபத்து. ஒரு கிழமை முன்னதாகவே கிளினிக்கில் டொக்டரிடம், அன்றைக்கு ஒரு நேரம்தான் முழுச் சாப்பாடு என்று சொல்லி, மருந்தை எப்படி எடுப்பது என்று கேளுங்கள். காலையில் ஏதாவது கொஞ்சம் சாப்பிடச் சொன்னால் அதைச் சாப்பிடுங்கள், விரதம் முறியாது. கை நடுங்கி வியர்த்தால் அந்த இடத்திலேயே சீனித் தண்ணி குடியுங்கள், படையல் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வியாழன் சமையலை ஒரு மணிக்குள் முடித்தால் ஒன்றரைக்குப் படைக்கலாம், இரண்டு மணிக்கு நீங்கள் சாப்பிட உட்காரலாம். மூன்று மணி வரை அமாவாசை இருக்கிறது, அவசரம் இல்லை. இந்த விரதச் சமையலுக்கென்று தேடும் காத்தோட்டிக்காய் கிடைத்தால் சேருங்கள். கிடைக்காவிட்டால் சந்தையில் கேட்கிற விலையைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்று இல்லை, அப்பாவுக்குப் பிடித்த மரக்கறி ஒன்றைச் சமைத்து வையுங்கள்.