சிக்குன்குனியாவுக்குப் பிறகு சோரியாசிஸ்

கேள்வி: என் கணவருக்கு வயது 49. 2025இல் மொரீஷியஸில் சிக்குன்குனியா பரவியபோது அவருக்கும் வந்தது. காய்ச்சல் விட்டதும் மூக்கு கறுத்தது. முழங்கையிலும் தலையிலும் செதில் செதிலாகப் படை கிளம்பியது. சோரியாசிஸ் என்கிறார் டாக்டர். விரல் மூட்டு வலியும் தீரவில்லை. கொசுக்கடியால் இப்படி வருமா? பிள்ளைகளுக்கு ஒட்டுமா? தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுக்க வேண்டிக்கொண்டிருக்கிறார். எடுக்கலாமா?
– ஒரு வாசகி, ரோஸ் ஹில்

பதில்: மூக்கைப் பற்றிய கவலையை விடுங்கள். சிக்குன்குனியாவில் அது சகஜம். சில மாதங்களில் தானாக மங்கிவிடும்.

சோரியாசிஸ் அப்படியல்ல. அதற்கான வாகு பிறவியிலேயே உடம்பில் இருக்க வேண்டும். வைரஸை விரட்ட நோய் எதிர்ப்பு சக்தி கொதித்தெழும்போது அதுவரை அடங்கிக் கிடந்தது வெளியே வருகிறது. 2005-06இல் பக்கத்து ரெயூனியன் தீவில் சுமார் 2,66,000 பேரை, அதாவது மூன்றில் ஒருவருக்கு மேல், சிக்குன்குனியா படுக்கவைத்தது. அத்தனை பேருக்குமா செதில் வந்தது? உங்கள் மாமனார் வீட்டில் யாராவது வருடக்கணக்கில் 'படை' என்று எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்களா என்று விசாரியுங்கள். பிள்ளைகளுக்கு ஒட்டாது. ஒரே துண்டு, ஒரே சீப்பு என்றாலும் ஒட்டாது.

எனக்குக் கவலை தருவது அந்த விரல் வலிதான். சிக்குன்குனியா வலியே மாதக்கணக்கில் நீடிக்கும் என்பதால் எல்லோரும் அதன் தலையிலேயே பழியைப் போட்டுவிடுகிறார்கள். சோரியாசிஸும் மூட்டைப் பிடிக்கும். கவனிக்காவிட்டால் மூட்டை அரித்துவிடும். அவருடைய நகங்களை வெளிச்சத்தில் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் சிறு குழிகள் இருந்தாலோ, ஒரு விரல் முழுவதும் உப்பியிருந்தாலோ மூட்டு மருத்துவரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள்.

மருந்திலும் சிக்கல் உண்டு. மூட்டு வலிக்குச் சிலருக்குத் தரப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் சோரியாசிஸைக் கிளப்பக்கூடும். ஸ்டீராய்டு மாத்திரையும் ஊசியும் அந்த நேரத்துக்குச் சொர்க்கம். நிறுத்தியதும் படை முன்னைவிட மோசமாகத் திரும்பலாம். எந்த டாக்டரிடம் போனாலும் சோரியாசிஸ் இருப்பதை முதலில் சொல்லச் சொல்லுங்கள். சோரியாசிஸுக்கும் மூட்டுக்கும் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைக் கொடுத்தால், அது வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடும் மருந்து. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. இடையிடையே கல்லீரல் பரிசோதனை வேண்டும், ரம் கூடவே கூடாது.

காவடிக்கு வருவோம். சோரியாசிஸ்காரர்களில் சிலருக்குத் தோலில் எங்கே காயம் பட்டாலும், பெரும்பாலும் 10 முதல் 20 நாளில், அந்த இடத்திலேயே புதுப் படை முளைக்கும். முதுகிலும் மார்பிலும் வரிசையாக வேல் குத்தினால் வரிசையாகவே வரலாம். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவருக்குக் குத்திய இடத்தில் சீழ் பிடிக்கவும் வாய்ப்பு அதிகம். விரதம் இருக்கட்டும், பால் சொம்போடு காவடியும் எடுக்கட்டும்; அலகு மட்டும் வேண்டாம். மனம் கேட்காவிட்டால் கோயில் குருக்களிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். அலகு குத்தாமல் காவடி எடுப்பவர்கள் கோர் த கார்த் மலையடிவாரக் கோயிலில் எத்தனையோ பேர்.