விற்பதற்கு முன் பழைய வின்செஸ்டர் துப்பாக்கிக்குப் புது மெருகு போடலாமா?

வேண்டாம். தயவுசெய்து போடாதீர்கள்.

எந்த மாடல் என்று நீங்கள் எழுதவில்லை. லீவர் வைத்த பழைய வின்செஸ்டர், இரும்பெல்லாம் பழுப்பேறியிருக்கிறது, புளூயிங் (இரும்புக்கு வேதிமுறையில் கருநீல மெருகு ஏற்றுவது) செய்து விற்றால் விலை கூடுமா என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அமெரிக்காவில் இருக்கிறீர்கள் என்றும், துப்பாக்கி குடும்ப வழியில் கைக்கு வந்தது என்றும், கடைக்காரர் ஒருவர்தான் இந்த யோசனையைச் சொன்னார் என்றும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது, தொழிற்சாலையில் போட்ட முதல் மெருகு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைத்தான். அது முற்றிலும் போய் இரும்பு சீராகப் பழுத்திருந்தாலும் அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். புதிதாகப் போட்ட மெருகைத்தான் ஏற்க மாட்டார்கள். ஏனென்றால் புளூயிங் செய்வதற்கு முன் இரும்பை பஃபிங் சக்கரத்தில் தேய்க்க வேண்டும். அப்படித் தேய்த்தால், குண்டு வெளியேறும் எண்பட்டைக் குழலின் (எட்டு முகம் கொண்ட குழலின்) கூரிய விளிம்புகள் மழுங்கிவிடும், முத்திரை எழுத்துகள் ஆழம் குறைந்துவிடும், திருகுத் துளைகளைச் சுற்றி இரும்பு லேசாகக் குழிந்துவிடும். போன இரும்பை எந்தக் கைவினைஞராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

என்னுடன் வேலை பார்க்கும் ஒரு பெரியவருக்கு நேர்ந்ததைச் சொன்னால் இது விளங்கும். வயோமிங்கில் பண்ணை வைத்திருந்த தாத்தாவின் 1892 மாடல் துப்பாக்கி அவருக்கு வந்திருந்தது. அதை ஒரு பழுதுபார்க்கும் கடையில் காட்டியபோது, தோட்டாக்கள் நிரப்பும் குழாயை யாரோ பாதியில் அறுத்துவிட்டார்கள் என்றும், முழு நீளக் குழாய் மாட்டி, புது மெருகு போட்டால் விலை இரட்டிப்பாகும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய தம்பி உடனே கொடுத்துவிடலாம் என்று நின்றார். இவர் மட்டும், இதில் எனக்குப் பழக்கம் உண்டு என்று தெரிந்து, துணியில் சுற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பி, குழலின் அடிப்பக்கத்தை டார்ச் வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இந்த மாடல் ரைஃபிளில் முழு நீளக் குழாய் இருந்தால் அதைத் தாங்கும் வளையம் குழலின் முன்பகுதியில் குறுக்கே வெட்டிய ஒரு காடியில் பொருந்தியிருக்கும். பிற்பாடு குழாயை அறுத்தவர் அந்தக் காடியை என்ன செய்வார்? ஒரு துண்டு இரும்பை வைத்து அடைப்பார், அல்லது வெறுமனே விட்டுவிடுவார், எப்படியும் தடம் இருக்கும். இங்கே குழலின் அடிப்பட்டை நுனிவரை ஒரே சீராக இருந்தது, பழுப்பு நிறத்தில் ஓர் இடத்தில்கூட மாற்றம் இல்லை. திருகுத் தலைகளின் காடிகள் சிதையாமல் இருந்தன. வால்நட் கட்டை, இரும்பைச் சந்திக்கும் இடத்தில் மயிரிழை அளவு உயர்ந்து நின்றது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கட்டை இரும்புக்குக் கீழே தாழ்ந்துதான் இருக்கும். இது தொழிற்சாலையிலிருந்தே பாதிக் குழாயுடன் வந்த துப்பாக்கி, யாரும் கை வைக்காதது என்று அப்போதே சொன்னேன்.

என் வாய்ச்சொல்லை விலையாக்க முடியாது என்பதால் கோடி நகருக்கு எழுதச் சொன்னேன். வயோமிங்கின் கோடி நகரில், பஃபலோ பில் சென்டரைச் சேர்ந்த துப்பாக்கி அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் நிறுவனத்தின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. தொடர் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், பதிவேட்டில் உள்ள காலிபர் (தோட்டாவின் அளவு), குழல் வகை, சிறப்பு அம்சங்கள், கிடங்கிலிருந்து அனுப்பிய நாள் ஆகியவற்றைக் கடிதமாகத் தருவார்கள். இவருக்கு வந்த கடிதத்தில் எண்பட்டைக் குழல், பாதிக் குழாய், அனுப்பிய ஆண்டு 1897 என்று இருந்தது. கடைக்காரர் குறை என்று சொன்னதுதான் அந்தத் துப்பாக்கியின் சிறப்பு. 1892 மாடல் 10 லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது. அத்தனைக்கு நடுவே தனியாகச் சொல்லிச் செய்வித்த அம்சங்களைத்தான் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள்.

'துரு பிடித்த இரும்புக்கு இத்தனை மரியாதையா' என்று சிலர் கேட்பார்கள். 2014ஆம் ஆண்டு நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், ஒரு ஜூனிப்பர் மரத்தில் சாய்த்து வைத்தபடி 1873 மாடல் வின்செஸ்டர் ஒன்று கிடைத்தது. கட்டை வெடித்து வெளுத்து, அடிப்பாகம் மண்ணில் புதைந்திருந்தது. அது 1882இல் தொழிற்சாலையிலிருந்து அனுப்பப்பட்டது என்பதைக் கோடி பதிவேடு சொன்னது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது பின்கட்டைக்குள் ஒரு தோட்டாவும் இருந்தது. பழம்பொருள் பாதுகாப்பு வல்லுநர்கள் கட்டை மேலும் உதிராதபடி உறுதிப்படுத்தினார்களே தவிர, புதிதுபோல் ஆக்க முனையவில்லை. மெருகேற்றியிருந்தால் அது ஆயிரக்கணக்கான 1873 துப்பாக்கிகளில் ஒன்றாகியிருக்கும்.

இதை எழுதும்போது எனக்கு வேறொரு வருத்தமும் வருகிறது. நம் ஊர்க் கோயில்களில் சுத்தம் செய்கிறோம் என்று மணல் வீச்சு அடித்துக் கல்வெட்டு எழுத்துகளை மழுங்கடித்ததும் இதே மனநிலைதான். பளபளப்புதான் மரியாதை என்று யாரோ நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். பழைய துப்பாக்கியைச் சக்கரத்தில் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கும் வீடியோக்களுக்குக் கிடைக்கும் கைதட்டலைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

மீட்டெடுக்கும் கலையையே நான் பழிப்பதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். முன்பே ஒருவர் தேய்த்துக் கெடுத்த துப்பாக்கியை, அந்தக் காலத்து முறைப்படியே திருத்தும் தேர்ந்த கைவினைஞர்கள் இருக்கிறார்கள், அவர்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. கெடாத துப்பாக்கிக்கு அவர்கள் தேவையில்லை என்பதுதான் என் கட்சி. ஒரு தமிழனுக்கு ஏன் இந்த ஆயுத மோகம் என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: நான் வேட்டைக்காரன் அல்லன், நூறாண்டுக்கு முந்தைய உலோகவேலையைப் படிப்பவன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. தோட்டா இல்லை என்று தெரிந்தவரை வைத்து உறுதி செய்யுங்கள். 1873, 1886 மாடல்களானால் லீவருக்குப் பின்னால், பின்கட்டையை நோக்கி நீளும் இரும்புப் பட்டையின் அடியிலும், 1892, 1894 மாடல்களானால் பூட்டு அமைப்பை உள்ளடக்கிய இரும்புச் சட்டகத்தின் முன்பக்க அடியிலும் தொடர் எண் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு கோடி அருங்காட்சியகத்துக்கு எழுதுங்கள். 1894 மாடலில் எண் 353999ஐத் தாண்டியிருந்தால் அங்கே பதிவு கிடைக்காது. 1898 அல்லது அதற்கு முன் தயாரானது என்றால் கூட்டரசுச் சட்டப்படி அது தொன்மைப் பொருள், ஆனால் மாநிலச் சட்டங்கள் வேறுபடும் என்பதால் விற்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். தேர்ந்தவர் ஒருவர் சோதிக்காமல் சுடவே கூடாது, அதிலும் 1873இன் பூட்டு அமைப்பு பிந்தைய வேகத் தோட்டாக்களின் அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. மற்றபடி மென்மையான துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டு இரும்பைத் துடைத்தால் போதும். தோல் உறையில் போட்டு வைத்திருந்தால் இன்றே வெளியே எடுத்துவிடுங்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பை அரிக்கும்.