நிறுத்தி வைத்த காரில் எலி வயரைக் கடிக்காமல் இருக்க என்ன செய்வது?

கேள்வி: மாதத்தில் இரண்டு தடவைதான் கார் எடுக்கிறோம். அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் நிற்கிறது. செக் எஞ்சின் விளக்கு எரிந்ததால் சர்வீஸுக்கு விட்டோம். எலி வயரைக் கடித்திருக்கிறது, வயரிங் செட்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். மறுபடி வராமல் இருக்கப் புகையிலை வைக்கலாமா, அந்துருண்டையா, சவுண்டு மெஷினா?

பதில்:

மூன்றும் வேண்டாம். அந்தக் காசுக்குக் கால் இஞ்ச் கம்பி வலை வாங்குங்கள்.

"புகையிலை கட்டினேன், அன்றோடு எலி போச்சு" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டி தினமும் ஓடுகிற வண்டியாக இருக்கும், இல்லையென்றால் பக்கத்து வண்டியில் எலிக்கு இன்னும் வசதியான இடம் கிடைத்திருக்கும். புகையிலை நெடி எஞ்சின் சூட்டில் சீக்கிரமே போய்விடும். பிறகு தொங்குவது வெறும் சருகுதான், அதுவும் எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில். அந்துருண்டை சூட்டில் ஆவியாகும், அந்த ஆவி ஏசி காற்று இழுக்கும் வழியாகக் காருக்குள்தான் வரும். கைக்குழந்தை ஏறும் வண்டியில் அது கூடவே கூடாது. மிளகாய்த்தூள் தூவினால் ஃபேன் போட்டதும் எலிக்கு முன்னால் நீங்கள் தும்முவீர்கள். டீசலோ மண்ணெண்ணெயோ அடித்தால் ரப்பர் ஹோஸ் ஊதிப்போகும், தீ ஆபத்து வேறு.

சவுண்டு மெஷின் கதை பழையது. அமெரிக்காவின் வணிக ஆணையமான எஃப்டிசி 2001-லேயே இந்தக் கருவிகளைச் செய்கிறவர்கள், விற்கிறவர்கள் என 60-க்கும் மேற்பட்டவர்களுக்கு, ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அல்ட்ராசானிக் ஒலி பேட்டரியையும் எஞ்சின் பிளாக்கையும் தாண்டி வளைந்து போகாது. மறைவில் எலி நிம்மதியாக உட்கார்ந்திருக்கும், கொஞ்ச நாளில் சத்தமும் பழகிவிடும். உங்களைப் போல வண்டியை நிறுத்தியே வைக்கிறவர்களுக்கு இன்னொரு நஷ்டம், அது பேட்டரியை மெல்ல இறக்கிவிடும்.

"இப்ப வர்ற வயர்ல சோயா கலக்கறாங்க, அதான் எலி தின்னுது" என்பதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. அமெரிக்காவில் இதை வைத்துக் கார் கம்பெனிகள் மேல் வழக்கே போட்டார்கள். ஆனால் சோயா பேச்சு வருவதற்கு முன்பே, சாதாரண பிவிசி வயர் ஓடிய காலத்திலும், எலி வயரைக் கடித்துக்கொண்டுதான் இருந்தது. எலியின் முன்பற்கள் சாகும்வரை வளரும், தேய்க்காமல் அதனால் இருக்க முடியாது. எஞ்சின் பகுதியில் இருட்டும் வெதுவெதுப்பும் இருக்கிறது, பானெட்டுக்கு அடியில் மெத்தை மாதிரி ஒரு இன்சுலேஷன் இருக்கிறது. ஆகவே வாசனையோடு போராடாமல் வழியை அடைக்க வேண்டும்.

முதலில் வருகிறதா, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். ராத்திரி நான்கு டயரைச் சுற்றியும் முகப்பவுடரைத் தரையில் மெல்லிசாகத் தூவி வையுங்கள். அரிசிமாவுக் கோலப்பொடி தூவினால் எலிக்கு விருந்து வைத்த கணக்கு. காலையில் சின்னச் சின்னக் கால் தடமும், நடுவில் வால் இழுத்த கோடும் தெரியும். பெரும்பாலும் சுவர்ப் பக்கத்து டயரில்தான் தெரியும், ஏனென்றால் எலி திறந்த தரையைக் குறுக்காகக் கடக்காது, சுவரை ஒட்டியே ஓடும். டயர் மேல் ஏறி, சஸ்பென்ஷன் கம்பி வழியாக எஞ்சினுக்குள் போகும். வண்டியைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நிறுத்தினாலே வரத்து குறையும்.

புழுக்கையின் அளவையும் பாருங்கள். 3 முதல் 6 மி.மீ. என்றால் சுண்டெலி, 12 மி.மீ. பக்கம் என்றால் வீட்டெலி, அதைவிடப் பெரிது என்றால் பெருச்சாளி. இது ஏன் முக்கியம் என்றால், சுண்டெலிக்கு 6 மி.மீ. சந்து போதும், வீட்டெலிக்கு 12 மி.மீ. போதும். வலையின் கண் அளவை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நீள மூக்கோடு கீச்சிட்டுக்கொண்டு சுவரோரம் ஓடுவது மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை, பூச்சி தின்கிற பிராணி. வயரைத் தொடாது, அதைக் கொல்ல வேண்டாம்.

அடுத்தது சுத்தம். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு எலி மூத்திரம் விட்டுப் போன தடம் அடுத்த எலிக்கு அழைப்பு. பழைய கூட்டை எடுக்காமல் புது வயர் போட்டால் மறுபடி அதே இடத்தில்தான் கடி விழும். கையுறை, மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், எலிக்காய்ச்சல் பரவுவது எலி மூத்திரத்தால்தான். காய்ந்த புழுக்கையை ஏர் பிடித்து ஊதவோ வேக்யூம் போடவோ கூடாது, தூசியாகி மூக்கில் ஏறும். ஒரு பங்கு வீட்டு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து அந்த இடத்தில் ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள். கனெக்டர் மேலும் ஃபியூஸ் பாக்ஸ் மேலும் ஸ்பிரே அடிக்காதீர்கள். பிளீச் அலுமினியத்தை அரிக்கும், அதனால் கடைசியில் வெறும் ஈரத்துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டி, கேபின் ஃபில்டர் இரண்டையும் திறந்து பார்க்காமல் விடாதீர்கள். கேபின் ஃபில்டர் பல கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். ஏசி போட்டதும் நாற்றம் வருகிறது என்றால் தேட வேண்டிய முதல் இடம் அதுதான்.

இப்போது வலை. முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் பேனலைக் கழற்றினால் புளோயருக்கு (ஏசி காற்றை ஊதும் ஃபேன்) காற்று போகும் ஓட்டை தெரியும். காருக்குள் எலி நுழைகிற ராஜபாட்டை அதுதான். அங்கே கால் இஞ்ச் கண் உள்ள ஸ்டீல் வெல்டு மெஷ்ஷை வெட்டி வைத்து, ஓரங்களை ஒரு சென்டிமீட்டர் மடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே ஹோஸை அறுக்கும். அலுமினிய வலையையும் ஃபைபர் கொசுவலையையும் எலி சுலபமாகக் கடித்துவிடும். கட்டுவதற்கு நைலான் டை போடாதீர்கள், அதையும் கடிக்கும். ஸ்டீல் டை அல்லது கட்டுக் கம்பி போதும். அந்தப் பேனலுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் மழைத் தண்ணீர் வெளியேறும் துவாரத்தை மூடிவிட்டால் அடுத்த மழையில் தண்ணீர் புளோயரில் இறங்கும். எலிக்குப் பயந்து வலை போட்டுவிட்டு, பிறகு நனைந்த புளோயர் மோட்டாருக்குச் செலவு செய்கிறவர்கள் நிறைய. ஏர் ஃபில்டர் குழாயின் வாயிலும் இதே வலையைப் போடலாம். வண்டியை அணைக்கும் முன் ஏசியை உள்காற்றுக்கு மாற்றி வைத்தால் உள்ளே போகும் மூடி அடைபடும். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு உடைந்திருந்தாலோ, கிளிப் விழுந்திருந்தாலோ அதைச் சரி செய்யுங்கள். ஸ்டீல் வுல் மட்டும் வயர் பக்கம் திணிக்காதீர்கள், அதில் கரண்ட் பாயும், துருவும் பிடிக்கும்.

வயருக்குக் கவசம் அதற்கு அப்புறம்தான். பிளந்த கருப்புக் கன்டியூட் குழாயை முதலில் மாட்டி, அதன் மேல் மிளகாய்க் காரம் ஏற்றிய எலி டேப்பைச் சுற்றலாம். ஹோண்டா அப்படி ஒன்றை 4019-2317 என்ற பார்ட் நம்பரில் விற்கிறது, விலைதான் அதிகம். எல்லா வயரிலும் சுற்ற வேண்டியதில்லை. கடிபட்ட இடம், கையெட்டும் மேல் வயர்கள், இன்ஜெக்டர் வயர் இவை போதும். எக்ஸாஸ்டை ஒட்டி மட்டும் சுற்றாதீர்கள்.

வயரிங் செட்டையே மாற்றச் சொன்னார்களே, அதற்கு வருகிறேன். நாலைந்து வயர் அறுந்திருந்தால் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனே சேர்த்துவிடுவார். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, அதே கன அளவுள்ள ஆட்டோ வயரால் (வீட்டு வயர் ஆகாது) கிரிம்ப் போட்டு (உலோகக் குழலில் வைத்து அழுத்திச் சேர்த்து), உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) ஏற்ற வேண்டும். இணைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் வராமல் ஒன்றரை இஞ்ச் தள்ளித் தள்ளி வர வேண்டும், இல்லாவிட்டால் அங்கே முடிச்சு மாதிரி பருத்து, பிறகு ஒன்றோடொன்று உரசும். காரின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் பஸ் வயர் இரண்டு சேர்ந்து முறுக்கியிருக்கும், சேர்த்த பிறகு அந்த முறுக்கு திரும்ப இருக்க வேண்டும். ஆக்சிஜன் சென்சர் வயரில் சாலிடர் வைக்கக்கூடாது. பல சென்சர்கள் அந்த வயர் இழைகளுக்கு நடுவில்தான் வெளிக்காற்றை இழுக்கின்றன, அங்கே ஈயம் உருகி அடைத்தால் ரீடிங் தப்பாகும். ஆனால் மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் வயர் கடிபட்டிருந்தால் சேர்க்கக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஹைப்ரிட், எலக்ட்ரிக் கார்களின் ஆரஞ்சு கேபிளைக் கையாலேயே தொடாதீர்கள். சர்வீஸ் சென்டர் சொல்வது எல்லாமே கொள்ளை என்று நான் சொல்லவில்லை, வயரைச் சேர்த்துக் கொடுத்தால் அதற்கு வாரண்டி கொடுக்க முடியாது என்பது அவர்கள் கஷ்டம். எந்த வயர், எத்தனை என்று போட்டோ கேளுங்கள். அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

    

இன்சூரன்ஸ் கேட்பதானால் வயரைத் தொடும் முன்பே தகவல் சொல்லி, சர்வேயர் பார்த்த பிறகு பிரியுங்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். உங்கள் கையிலிருந்து போகும் கட்டாயக் கழிவு 1500 சிசி வரை 1000 ரூபாய், அதற்கு மேல் 2000. ஆனால் ஒரு கிளெய்ம் எடுத்தால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் எடுக்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும், அது 50 சதவீதத்தில் இருக்கிறவர்கள் நாலு வயருக்காக அதை இழப்பது கணக்குக்கு ஒத்துவராது.

எலியைப் பிடிப்பதா கொல்வதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. விஷம் மட்டும் காருக்குள் வைக்காதீர்கள் என்கிறேன். தின்ற எலி புளோயருக்குள் செத்தால் டாஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும். மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசையை எங்கேயுமே வைக்காதீர்கள், அதற்கு மாற்று மருந்து கிடையாது. கூண்டுப் பொறி போதும். புதுப் பொருளைக் கண்டால் எலி சந்தேகப்படும், ஆகவே முதல் மூன்று நாள் கொக்கி மாட்டாமல், வாய் திறந்தபடி, மசால் வடையோ கருவாடோ மட்டும் வைத்துச் சுவரோரம் விடுங்கள். பயம் தெளிந்து தின்ன ஆரம்பித்ததும் கொக்கி போடுங்கள். பேஸ்மென்டில் குப்பைத் தொட்டிக்கு மூடி இல்லாமல், யாரோ நாய்க்கு வைத்த சோறு ராத்திரி முழுக்கக் கிடந்தால் இது எதுவும் நிலைக்காது, அசோசியேஷனில் அதைப் பேசுங்கள்.

டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றி வைத்திருக்கிறவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு எஞ்சினைவிட உள்பக்கம்தான் பிரச்சினை. சிங்க் தண்ணீர்க் குழாயும் வெளிக் கரண்ட் கேபிளும் தரையைத் துளைத்துப் போகும் ஓட்டைகளை வெறும் ஃபோம் அடித்து மூடியிருப்பார்கள். எலிக்கு ஃபோம் ஒரு பொருட்டே இல்லை. செம்புக் கம்பிச் சுருளைத் திணித்து அதன் மேல் சீலன்ட் பூசுங்கள். நிறுத்தும்போது பிஸ்கட் துணுக்குகூட உள்ளே இருக்கக் கூடாது.

கடைசியாக, வண்டியை நாள் கழித்து எடுக்கும்போது சாவி போடும் முன் பானெட்டைத் தட்டித் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பூனையும் உள்ளே படுத்திருக்கும். பெட்ரோல் வாடை வந்தாலோ, பெட்ரோல் ஹோஸில் பல் தடம் தெரிந்தாலோ ஸ்டார்ட் செய்யாதீர்கள், வண்டியைத் தள்ளி வெளியே நிறுத்தி மெக்கானிக்கை அங்கேயே வரச் சொல்லுங்கள்.